கூரையில் ஒரு காலதர்

மதுரைக்குத் தெற்கே, கப்பலூர்ப் பக்கம் ஒரு பட்டறை. சித்திரை முடிந்து வைகாசி பிறந்திருந்த ஒரு நண்பகல். எங்கள் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், கோயில் கோயிலாகச் சுற்றுவதற்கென்று வேன் ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டிருந்தார். கட்டில், சிறு சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, பின்பக்கம் பேட்டரி எல்லாம் அமைந்துவிட்டன. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக் காகிதங்களும் கைக்கு வந்தாயிற்று. கூரையில் 14 அங்குலச் சதுரமாக ஒரு துளையிட்டு, அதில் விசிறி ஒன்றைப் பொருத்தும் வேலை மட்டும் பாக்கி. பட்டறைக்காரர் தகரம் வெட்டும் இயந்திரத்தைக் கையில் எடுத்தார், யோசித்தார், மீண்டும் கீழே வைத்துவிட்டார்.

"கூரை ஒழுகுது, அடைச்சுக் கொடுன்னுதான்ணே இத்தனை வருஷமா வண்டி வந்திருக்கு. நல்லா இருக்கிற கூரையை ஓட்டை போடுன்னு கொண்டுவந்தது நீங்க ஒருத்தர்தான்."

அவருடைய தயக்கம் நியாயமானது. கூரையில் துளை என்பது நம் ஊரில் வறுமையின் அடையாளம். ஆனால், மூடிய வேனுக்குள் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்த எங்களுக்கு நண்பரின் பக்கமும் நியாயமாகவே பட்டது. தேநீர் வரவழைத்துக் குடித்துக்கொண்டே பேசினோம். அன்று தொடங்கிய பேச்சு பல வாரங்கள் நீண்டது. அதில் திரண்டவற்றையே இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சன்னல் என்னும் சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே தமிழில் 'காலதர்' இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. புகார் நகர மாளிகைகளைப் பேசும்போது சிலப்பதிகாரம் இச்சொல்லை ஆள்கிறது. வெளியே பார்ப்பதற்கான திறப்பு என்றோ ஒளி வருவதற்கான திறப்பு என்றோ கருதாமல், காற்றின் வழி என்றே பெயரிட்ட சமூகம் வெயிலில் வாழ்ந்த சமூகமாகத்தான் இருக்க முடியும். மதுரைக்காஞ்சியில் வரும் மதுரை வீடுகளும் பல துளைகள் கொண்டவை. அத்துளைகளில் மெல்லிய காற்று புகுந்து ஒலியெழுப்புகிறது.

எங்களை அதிகம் நிறுத்தியது நெடுநல்வாடை. பாண்டியன் தலைநகரில் நடப்பதாக மரபு கொள்ளும் அப்பாட்டில், வாடை வீசும் கூதிர்காலத்தின் குளிரைச் சொல்ல நக்கீரர் இரண்டு காட்சிகளைத் தருகிறார். மாடத்தின் மேல்நிலையில் வேனிற்காலப் படுக்கையறை. தென்றலை உள்ளே கொண்டுவருவதற்கென்றே அமைந்த அதன் திறப்புகளின் கதவுகள் தாழிடப்பட்டிருக்கின்றன. கைதேர்ந்த கம்மியன் செய்த விசிறியோ சுருக்கித் தொங்கவிடப்பட்டு, சிலந்தி நூல் படிந்து கிடக்கிறது. குளிர் வந்ததும் இரண்டுக்கும் வேலையில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, அவர் இரண்டையும் தனித்தனியே சொல்கிறார் என்பதுதான். விசிறி இருக்கும் காற்றையே கலக்கி உடம்பின்மேல் வீசும். காலதர், உள்ளிருக்கும் காற்றை அனுப்பிவிட்டு வேறு காற்றைக் கொண்டுவரும். ஒன்று மேனிக்கு, மற்றது வீட்டுக்கு. பின்னாளில் நகரும் வீடுகள் வந்தபோது இந்த வேறுபாடு மறந்துபோனது. அந்த மறதிக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

மதுரைச் சமவெளியில் நகரும் வீடு என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது கூண்டு வண்டி. மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து, மேலே பாய் வேய்ந்து, உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்த மாட்டுவண்டி. சித்திரைத் திருவிழாவுக்குத் தெற்கத்திச் சீமையின் கிராமங்கள் குடும்பம் குடும்பமாக இவற்றில்தான் கிளம்பின. மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர்தாம் (ஆட்சி 1623–1659) சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. அப்படியானால், இத்தனை பெரிய கூட்டத்தின் பயணத்தை ஆண்டின் மிகக் கொடிய வெயிலுக்குள் கொண்டுபோய் வைத்தவரும் அவரே ஆகிறார். (தமக்கெனக் கட்டிய அரண்மனைக்கு எத்தனை உயரமான கூரை வைத்துக்கொண்டார் என்பதை இன்றும் போய்ப் பார்க்கலாம்.)

அந்தக் கூண்டுக்கு விசிறி இல்லை, கூரைத் துளை இல்லை. தேவையும் இல்லை. முன்னும் பின்னும் முழுவதுமாகத் திறந்த குழாய் அது. மாடு எத்திசையில் நடந்தாலும் காற்று ஒரு வாயில் புகுந்து மறு வாயில் வெளியேறும். பாயின் பின்னல் இடுக்குகள் வழியாக மேலேறும் வெக்கை கசிந்துவிடும். அதைவிட முக்கியமான ஒன்று: அடுப்பு வண்டிக்குள் ஏறியதே இல்லை. வைகை மணலிலோ வழியோரப் புளியமரத்தடியிலோ மாட்டை அவிழ்த்துக் கட்டி, மூன்று கல் கூட்டித்தான் சமையல். உறங்கும் இடமும் உலை கொதிக்கும் இடமும் பிரிந்தே இருந்தன. பாயும் வைக்கோலுமாக இருந்த வீட்டில் வேறு எப்படி இருந்திருக்க முடியும் என்று கேட்கலாம். உண்மைதான். பற்றிக்கொள்ளும் பொருளாலான வீடு, தன் பாதுகாப்பு விதியைத் தானே எழுதி வைத்திருந்தது.

1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது. மறு ஆண்டே பாதை தூத்துக்குடி வரை நீண்டது. முந்தைய ஆண்டில்தான் உருவாகியிருந்த தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதை அது. மரமும் இரும்புமான மூடிய பெட்டிகள் இச்சமவெளிக்கு அப்போதுதான் அறிமுகமாயின. வெயில் நேரடியாகத் தாக்காதபடி கூரைக்குமேல் இன்னொரு கூரை வைத்துப் பார்த்தார்கள். சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளிக்கும் உபாயமும் இந்திய ரயில்களில் இருந்தது. அது முதல் வகுப்புக்கு மட்டும்.

இவற்றில் எங்களைக் கவர்ந்தது, பழைய பெட்டிகளின் கூரைமேல் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும், இரு முனையும் கூம்பிய சிறு உலோகக் கூடுகள்தாம். வடிவம் காரணமாக அவற்றுக்கு 'டார்பிடோ வென்டிலேட்டர்' என்று பெயர். வண்டி ஓடும்போது கூரையை உரசிப் பாயும் காற்று அக்கூட்டின் வாயில் அழுத்தத்தைக் குறைக்கும். பெட்டிக்குள் மேலே தேங்கிய சூடான காற்று அதன் வழியே உறிஞ்சப்படும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். மிகவும் அழகான ஏற்பாடு. ஒரே ஒரு குறை, வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடும். எதிர்வண்டிக்காகப் பொட்டல் வெளியில் பகலில் நிறுத்தப்பட்ட பாசஞ்சரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அக்குறையின் முழு அளவும் தெரிந்திருக்கும்.

நிற்கும்போதும் காற்று வேண்டுமென்றால் விசிறிதான். மின்விசிறி வருமுன் அது பங்கா. கூரையிலிருந்து தொங்கும் துணியைக் கயிறு கட்டி ஒருவர் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கலெக்டர் பங்களாக்களிலும் கச்சேரிகளிலும் இழுத்த அந்தக் கைகளுக்கு யார் விசிறினார்கள் என்ற கேள்வி வரலாற்றுப் புத்தகங்களில் அதிகம் எழுவதில்லை. பின்னர் பெட்டிக்கடியில், சக்கர அச்சோடு வார்ப்பட்டையால் பிணைத்த டைனமோ வந்தது. விளக்கும் விசிறியும் பெட்டிக்குள் ஏறின. அவையும் வகுப்பு பார்த்தே ஏறின. 1917இல் காந்தி மூன்றாம் வகுப்புப் பயணத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், பம்பாயிலிருந்து சென்னை வரை வந்த அனுபவத்தைச் சொல்கிறார்: 13 ரூபாய் 9 அணா கட்டணம், 22 பேருக்கென்று குறித்த பெட்டி, படுக்க இடமில்லாத இரவுகள். நான்காண்டுகள் கழித்து, 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார். மதுரைக்கு வந்த ரயில் பெட்டியில், கதர் வாங்கக் காசில்லை என்று சொன்ன ஏழைகளோடு நடந்த உரையாடல் அம்முடிவில் பங்கு வகித்தது. அரையாடையின் வரலாற்றில் ஒரு ரயில் பெட்டிக்கும் இடமுண்டு என்பதை, பொருள் சற்று விலகினாலும், சொல்லிவிட்டே மேலே செல்கிறோம்.

எல்லா வகுப்புப் பெட்டிகளிலும் விளக்கும் விசிறியும் இருந்தாக வேண்டும் என்ற நிலை வந்தது 1952இல். சுதந்திரம் பலருக்குப் பலவாறாக வந்தது. மூன்றாம் வகுப்புப் பயணிக்கு அது கூரையிலிருந்து கம்பிக் கூண்டுக்குள் சுழன்றுகொண்டு வந்தது என்றால் மிகையாகாது. 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ஐ.சி.எஃப். தொழிற்சாலை தொடங்கியது. மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் 1974இல் மறைந்தது. அந்த விசிறிகளை நம்மில் அறியாதார் யார்? நின்றுபோனால் சீப்பையோ பேனாவையோ கம்பிக்குள் நுழைத்து இறக்கையை ஒரு தள்ளு தள்ள வேண்டும். முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கும். பெட்டியின் மின்சாரம் 110 வோல்ட் நேர்மின்சாரம் ஆனதால், கழற்றி எடுத்துப்போனாலும் வீட்டில் ஓடாது என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர் ஒருவரும் ஒவ்வொரு பெட்டியிலும் இருப்பார்.

ஆனால் அது நக்கீரர் சொன்ன முதற்கருவி மட்டுமே. காற்றைக் கலக்கியது, மாற்றவில்லை. சன்னல்கள் திறந்திருந்தவரை அதனால் பாதகமில்லை.

ரயிலிலேயே முழுமையான நகரும் வீடும் ஒன்றுண்டு. அதிகாரிகள் ஆய்வுக்குச் செல்லும் சலூன். (முடி திருத்தும் சலூனை நினைத்துக்கொள்ள வேண்டாம்.) படுக்கையறை, குளியலறை, சமையலறை எல்லாம் கொண்ட ஒரு பெட்டி; தனக்கென்று எஞ்சின் கிடையாது; ஏதாவது ஒரு வண்டியின் வாலில் கோத்து இழுத்துச் செல்லப்பட்டு, வேண்டிய நிலையத்தில் கழற்றி ஓரத் தடத்தில் நிறுத்தப்படும். மேலைநாடுகளில் காரின் பின்னே இழுத்துச் செல்லும் பயண வீட்டிற்கு, நம் நாட்டில் இதைவிட நெருங்கிய உறவு வேறில்லை. அதே முறையில், குழுவாகச் செல்லும் யாத்திரிகர்கள் ஒரு முழுப் பெட்டியை வாடகைக்கு எடுத்து, ஊர் ஊராகக் கழற்றி நிறுத்தி, பல நாள் அதிலேயே தங்கிப் பயணம் செய்யும் வழக்கமும் உண்டு. கூண்டு வண்டி யாத்திரையின் இரும்பு வடிவம் என்றே அதைச் சொல்லலாம்.

2023 ஆகஸ்ட் 17 அன்று லக்னோவிலிருந்து அப்படி ஒரு பெட்டி புறப்பட்டது. தென்னகத் திருத்தலங்களைக் காண வந்தவர்கள் அதில் இருந்தனர், வயதானவர்களும் பலர். நாகர்கோவிலில், புனலூர்–மதுரை விரைவு வண்டியோடு அப்பெட்டி இணைக்கப்பட்டது. ஆகஸ்ட் 26 அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன்பாக மதுரைக்கு வந்து, கழற்றப்பட்டு, நிலையத்தை ஒட்டிய தடம் ஒன்றில் நின்றது. ஐந்தே கால் மணியளவில் அதில் தீப்பற்றியது. ஒன்பது பேர் மாண்டனர். விதிகளை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட சமையல் எரிவாயு உருளையே காரணம் என்று தெற்கு ரயில்வே அறிவித்தது. நெடுந்தூரம் வந்தவர்கள் விடிகாலையில் சூடாக ஏதேனும் குடிக்க விரும்பினார்கள் என்பதில் நாம் புரிந்துகொள்ள முடியாதது எதுவுமில்லை. மதுரையில் அன்று காலை அந்தத் தடத்தருகே கூடி நின்றவர்கள் யாரும் அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறோம்.

மரத்தடியில் இருந்த அடுப்பு எப்போது படுக்கையின் பக்கத்தில் வந்தது? அது வந்த நாளிலேயே காற்றின் வழியைப் பற்றிய பழைய அறிவு போதாமல் போய்விட்டது. விறகுப் புகையும் நீராவியும் மேலேறும் இயல்புடையவை. அவற்றுக்குக் கூரையில் வழி விட்டால் போதும். சமையல் எரிவாயு அப்படிப்பட்டதன்று. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த அது, காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தண்ணீரைப் போலத் தரையில் படிந்து, பள்ளம் தேடி, கட்டிலுக்கடியில் தேங்கும். கூரைத் துளை எத்தனை பெரிதாக இருந்தாலும், தானாக அதன் வழியே ஏறிப் போகாது. நாற்றம் கண்டதும் கூரை விசிறியைப் போடுவோம் என்று கை போனால், அதைவிட ஆபத்து வேறில்லை; சுவிட்சிலோ மோட்டாரிலோ எழும் ஒரு பொறி போதும். எந்தச் சுவிட்சையும் தொடாமல் உருளையின் வால்வை மூடி, கதவைத் திறந்து, எல்லோரும் கீழே இறங்கிவிடுவதுதான் வழி. அடுப்புள்ள நகரும் வீட்டுக்கு ஆகவே இரண்டு காலதர்கள் வேண்டும். மேலே ஒன்று, வெக்கைக்கும் புகைக்கும். கீழே, உருளை இருக்கும் பெட்டியின் அடித்தளத்தில் வெளிப்புறமாகத் திறக்கும் ஒன்று, கனத்த வாயுவுக்கு. பின்னதற்கு மோட்டாரும் இல்லை, மூடியும் கூடாது.

நண்பரின் வரைபடத்தில் முதலாவது மட்டுமே இருந்தது.

பட்டறைக்குத் திரும்புவோம். அன்று தேநீர் முடிந்ததும் பட்டறைக்காரர் கூரையைத் தட்டித் தட்டிப் பார்த்து, உள்ளே குறுக்குச் சட்டங்கள் ஓடும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்தார். சட்டத்தை வெட்டினால் கூரையின் பலம் போய்விடும். இரு சட்டங்களுக்கு நடுவே துளை விழ வேண்டும். கட்டிலுக்கு நேர் மேலே வைக்கலாம் என்றார் நண்பர். சமையல் மேடைப் பக்கம் வைத்தால்தான் தாளிப்பு நெடி வெளியே போகும் என்றோம் நாங்கள். நண்பரின் மனைவி எங்கள் பக்கம் நின்றதால் வாதம் சீக்கிரம் முடிந்தது. நான்கு மூலையிலும் துளையிட்டு, கோட்டின்மேல் மெல்ல வெட்டி, வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, துரு ஏறாமல் வண்ணம் பூசினார். தகரத்துக்கும் உட்கூரைப் பலகைக்கும் இடையில் மரச்சட்டம் ஒன்றை இறக்கினார். விசிறியின் விளிம்புக்கடியில் ஒட்டும் பியூட்டைல் நாடாவை நான்கு பக்கமும் இடைவெளியில்லாமல் பதித்து, திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கினார். ஒரே பக்கமாக முறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். ஒவ்வொரு திருகாணித் தலைமேலும் அடைப்புப் பசை. "ஐப்பசிக்கு முன்னாடி வருஷா வருஷம் ஒருதடவை மேல ஏறிப் பார்த்துருங்கண்ணே" என்றார்.

12 வோல்ட் விசிறி அது. முழு வேகத்தில் மூன்று ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். இரவில் மெல்ல ஓடவிட்டால் அதில் சிறு பங்குதான். நேராகப் பேட்டரியிலிருந்து கம்பி, நடுவே ஒரு ஃபியூஸ். நிமிடத்திற்கு 900 கன அடி வரை காற்றை வெளியேற்றக்கூடியது என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தது. கணக்குப்படி ஒரு நிமிடத்திற்குள் வேனின் காற்று முழுவதும் மாறிவிட வேண்டும்.

போட்டவுடன் மாறவில்லை. விசிறி பெரிதாக இரைந்தது, உள்ளே ஒரு மாற்றமும் தெரியவில்லை. பட்டறைச் சாமி படத்தின் முன்னிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துவந்து பிடித்தோம். புகை நின்ற இடத்திலேயே சுருண்டது. கதவும் சன்னல்களும் மூடியிருந்தன. வெளியே போக வழி இருந்தது. உள்ளே வர வழியில்லை. நிழல் பக்கமாக, விசிறிக்கு எதிர் மூலையில் இருந்த சன்னலை நான்கு விரற்கடை திறந்ததும் இரைச்சல் தணிந்தது. ஊதுபத்திப் புகை ஒரு நூலாக நீண்டு கூரை வழியே போயிற்று. எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட்டாலோ, விசிறிக்கு மிக அருகில் இருக்கும் சன்னலின் காற்றே உடனே வெளியேறி, கட்டில் பக்கம் புழுங்கியது. படுப்பவர் தலைமாட்டில் ஒரு சன்னல், அதுவும் சிறிதளவு. மற்றவை மூடியே இருக்கட்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. வண்டி ஓடும்போது விசிறியின் மேல்மூடி திறந்திருக்கலாகாது என்பதை மட்டும் நண்பர் அடுத்த வாரம் மேலூர் சாலையில் தாமே கற்றுக்கொண்டார். மூடி வயலுக்குள் கிடைத்தது.

கீழ்த் துளை பின்னொரு நாள் வெட்டப்பட்டது. எங்கள் பேச்சு எரிவாயுவுக்கு வந்துசேர்ந்த வாரத்தில் நண்பர் வேனை மீண்டும் கப்பலூருக்கு ஓட்டிப்போனார். இம்முறை பட்டறைக்காரர் தயங்கவில்லை. மதுரைத் தடத்தில் எரிந்த பெட்டியைப் பற்றி அவருக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உருளைப் பெட்டியை வேனின் உட்புறத்திலிருந்து முழுக்க அடைத்து, வெளியிலிருந்து மட்டுமே திறக்கும்படி கதவு வைத்தார். அதன் தரையில் துளையிட்டு, எலி ஏறாமல் வலை அடித்தார். மழைக்காலத்தில் சக்கரம் வாரியடிக்கும் சேறு வலையை அடைத்துவிடுமே என்று யோசித்தவர், பட்டறை மூலையில் சாத்தி வைத்திருந்த ஒரு தகரத் துண்டை எடுத்துவந்து, வளைத்து, பின்பக்கம் திறந்திருக்குமாறு அடியில் தடுப்பாகப் பற்றவைத்தார். கூரையிலிருந்து வெட்டியெடுத்த அதே 14 அங்குலச் சதுரம்.